ரூன்ஸ்கேப்பில் முதல் வாரம்: பெருந்துறைத் தம்பிக்கு

பல பேர் இணையத்தில் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடும் ரூன்ஸ்கேப் விளையாட்டைப் பற்றி, பெருந்துறைப் பக்கம் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. அவர் சொன்னபடியே தருகிறேன்.

"அண்ணா, எங்க மாமா பையன் சொன்னான்னு ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் இறக்கி நாலஞ்சு நாளா விளையாடிப் பார்த்தனுங்க. மந்திரம், வாளு, டிராகன்னு என்னென்னமோ சொன்னான். உள்ள போனா பொம்மையெல்லாம் கட்டங்கட்டமா இருக்குது. மரத்தை வெட்டச் சொன்னா ஆளு நின்னு வெட்டீட்டே இருக்கறான், கட்டை வரமாட்டேங்குது. கோழியை அடிச்சா சைபர் சைபர்னு காட்டுது. அடுத்து எங்க போகோணும்னு சொல்றதுக்கு ஒருத்தருமில்லை. மாமா பையன் மாட்டை அடிச்சுத் தோலைச் சேர்த்து வித்துக் காசு பண்ணுங்கறான். எனக்குப் பிடிபடவே இல்லீங்க. தொடரட்டுமா, அழிச்சுடட்டுமா? ஹாஸ்டல் நெட்டுக்கு ஒத்து வருமா? பணம் கட்டோணுமா?"

அழிக்க வேண்டாம் தம்பி. இன்னும் ஒரு வாரம் கொடுங்கள். ஆனால் அந்த ஒரு வாரத்துக்கு மாமா பையன் கொடுத்த யோசனைகளைத் தள்ளி வையுங்கள். நீங்கள் கவனித்தது அத்தனையும் சரி. படம் பழசு, வேலை மெதுவு, வழி சொல்ல ஆளில்லை. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக அழித்துவிடலாம், அதில் தப்பே இல்லை.

முதலில் படம். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ கோவர் தன் சகோதரர் பாலோடு சேர்ந்து 2001 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு ரூன்ஸ்கேப். பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஜாவா விளையாட்டு என்பதால்தான் அது அவ்வளவு தூரம் பரவியது. நான் இதை முதலில் பார்த்ததும் கோபியில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான். அங்கே கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள். பிரவுசர் மட்டும் திறக்கும், அதுவே இதற்குப் போதுமாக இருந்தது. 2004-ல் புது வடிவம் வந்தது. 2012 நவம்பரில் சண்டை போடும் முறையையே, ரூன்ஸ்கேப்பை நடத்தும் ஜேகெக்ஸ் நிறுவனம் தலைகீழாக மாற்றியது. வருடக்கணக்கில் விளையாடியவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அப்போது நிறுவனத்திடம் 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த விளையாட்டின் பிரதி ஒன்று இருந்தது. அதைத் திறந்துவிடலாமா என்று 2013 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். நாலு லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அந்த மாதமே பிறந்ததுதான் நீங்கள் இறக்கி வைத்திருக்கும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்.

அன்றிலிருந்து, மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது போலப் புதிதாக ஒரு திறமையோ ஊரோ சேர்க்க வேண்டுமானால் விளையாடுகிறவர்களிடம் வாக்குக் கேட்பது வழக்கம். முதலில் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று இருந்தது, 2022-ல் அதை 70 ஆக்கினார்கள். ஆக, உங்கள் கண்ணுக்குக் கட்டங்கட்டமாகத் தெரியும் அந்த உருவங்கள் காசில்லாமல் விட்டுவைத்தவை அல்ல, இது இப்படியே இருக்கட்டும் என்று ஜனங்கள் கேட்டு வாங்கியவை. நமக்கு இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் விலை குறைந்த போனிலும் சிக்காமல் ஓடும்.

அடுத்து, கட்டை ஏன் வரமாட்டேன் என்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஹாஸ்டல் நெட் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டை எல்லாருக்கும் நடத்தும் மையக் கணினியான சர்வர் 0.6 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. அந்தத் துடிப்புக்கு டிக் என்று பெயர். நீங்கள் திரையைத் தொட்டவுடன் எதுவும் நடந்துவிடுவதில்லை. தொட்டது சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த டிக்கில்தான் கணக்கில் ஏறும். மரம் வெட்டும்போது நான்கு டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 விநாடிக்கு ஒருமுறை, சர்வர் உங்களுக்காகப் பகடை உருட்டுகிறது. மரம் வெட்டுவதில் உங்கள் நிலை என்ன, கையில் என்ன கோடாலி, எந்த வகை மரம் என்பதைப் பொறுத்து பகடை உங்கள் பக்கம் விழும் வாய்ப்பு கூடும், குறையும். முதல் நிலையில் வெண்கலக் கோடாலியோடு நிற்கிறவருக்குக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும். சாதா மரத்தில் ஒரு கட்டைக்கு 25 அனுபவப் புள்ளி. இரண்டாம் நிலைக்கு 83 புள்ளி, நாலு கட்டை விழுந்தால் போதும்.

கோழிக் கதையும் இதேதான். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பகடை. அடி பட்டதா இல்லையா என்பது முதல் பகடை. பட்டிருந்தால் எவ்வளவு என்பது இரண்டாவது. அட்டாக் என்ற தாக்கும் திறமை ஏறினால் முதலாவது உங்கள் பக்கம் சாயும், ஸ்ட்ரெங்த் என்ற பலம் ஏறினால் இரண்டாவது பெருசாகும், டிஃபென்ஸ் என்ற தற்காப்பு ஏறினால் எதிராளியின் முதல் பகடை கெடும். இந்த மூன்றில் எது ஏற வேண்டும் என்பதை வாள் படம் போட்ட சண்டைத் தாவலில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தாவலைத் திறந்தே பார்ப்பதில்லை. இன்றைக்கு ராத்திரி அதைத் திறந்து அட்டாக்கில் வையுங்கள், பத்து நிலை ஏறட்டும். சைபர் குறைவது கண்ணுக்கே தெரியும்.

இப்போது நெட். துப்பாக்கி விளையாட்டுகளில் நீங்கள் சுட்டது சர்வருக்குப் போகிற அந்தச் சிறு தாமதத்தில் எதிராளி உங்களை முடித்துவிடுவான். இங்கே அந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. பெருந்துறையிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கே 0.6 விநாடி என்பதால் அந்தத் தாமதம் அதற்குள் அடங்கிப்போகும். லண்டன்காரரும் நீங்களும் ஒரே மரத்தடியில் நின்று வெட்டினால் யாருக்கும் பெரிய சலுகை கிடையாது. சர்வர் வசதி நம் பக்கம் இல்லாத இத்தனை விளையாட்டுகளுக்கு நடுவே, நம்ம ஊர்க்காரர் குறையில்லாமல் ஆடக்கூடியது என்று இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஹாஸ்டல் வைஃபையில் விளையாட்டுகளை அடைத்து வைத்திருந்தால் மொபைல் டேட்டாவே தாராளம். 2018 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இது வருகிறது. கம்ப்யூட்டரில் விட்ட இடத்தில் போனில் தொடரலாம், கணக்கு ஒன்றுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட்டை எடுத்தால் சாயந்திரம்தான் வரும் நாட்களில் இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். பஸ்ஸில் போகும்போது சண்டை போடாதீர்கள். நடுவில் சிக்னல் போனால் உங்கள் ஆள் உடனே மறைந்துவிடமாட்டார், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அடி வாங்குவார். மீன் பிடிப்பது, மரம் வெட்டுவது எல்லாம் பஸ்ஸுக்குச் சரி.

வழி சொல்ல ஆளில்லை என்பதுதான் உங்கள் குறைகளிலேயே முக்கியமானது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டும் விளையாட்டுகளுக்கு நாம் பழகிவிட்டோம். இந்த வகை விளையாட்டின் பூர்வீகம் வேறு. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் வெறும் எழுத்தாலேயே ஓர் உலகத்தை எழுதி, பல பேர் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடும்படி செய்தார்கள். படமே கிடையாது. 'வடக்கே ஒரு கதவு இருக்கிறது' என்று திரையில் வரும், போவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. அப்படிப்பட்ட எழுத்து உலகங்களில் ஊறியவர்தான் ஆண்ட்ரூ கோவர். அந்தப் பரம்பரைக் குணம் ரூன்ஸ்கேப்பிடம் அப்படியே இருக்கிறது. இங்கே உங்களுக்கென்று ஒரு கதை காத்துக்கொண்டிருக்கவில்லை. ஓர் ஊர் இருக்கிறது, அதில் உங்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

அந்த ஊர் லம்பிரிட்ஜ். புதிதாக வருகிறவர்களை முதலில் இறக்கும் பழகு தீவில் மீன் பிடிக்க, ரொட்டி சுட, செம்பும் தகரமும் சேர்த்து வெண்கலம் உருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கோட்டைப் பக்கத்தில் விட்டுவிட்டார்கள் இல்லையா? அங்கிருந்து நேராகக் கோழிப் பண்ணைக்கு ஓடியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகக் கோட்டைக்குள் நுழைந்து சமையல்கட்டுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பிரபுவுக்குப் பிறந்தநாள், கேக் செய்ய வேண்டும், முட்டையும் பாலும் மாவும் இல்லை. கொண்டுவந்து தருகிறீர்களா என்று கேட்பார்.

சின்ன வேலைதான். ஆனால் அதை ஒரு வீடியோவும் பார்க்காமல் செய்து பாருங்கள். பால் கறக்க வாளி வேண்டும். அது சமையல்கட்டுக்குக் கீழே நிலவறையில் கிடக்கிறது. எல்லா மாட்டிலும் கறக்க முடியாது, கறவை மாடு எது என்று பார்க்க வேண்டும். முட்டை பண்ணையில் கோழிகளுக்கு நடுவே தரையில் கிடக்கும். மாவுதான் இருப்பதிலேயே ருசியான பகுதி. ஊருக்கு வடமேற்கே ஒரு காற்றாலை. பக்கத்து வயலில் கோதுமைக் கதிர் பறித்துக்கொண்டு, ஆலைக்குள் ஏணி ஏறி உச்சி மாடத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் கொப்பரையில் கதிரைப் போட வேண்டும். போட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். இழுத்த பிறகும் மாவு கைக்கு வராது. திரும்ப இரண்டு ஏணி இறங்கித் தரைத்தளத்துக்கு வந்தால், பெட்டியில் மாவு விழுந்து கிடக்கும். அதை அள்ள ஒரு பானை வேண்டும், அது சமையல்கட்டிலேயே இருந்தது. எடுத்து வராவிட்டால் திரும்ப நடை.

கதிர் மேலே போடுகிறோம், மாவு கீழே விழுகிறது. யாரும் சொல்லித் தராமல் நீங்களாக ஏணி இறங்கி வந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும் நொடி இருக்கிறதே, ரூன்ஸ்கேப் மொத்தமும் அந்த நொடிதான். அப்போது ஒரு சந்தோஷம் வந்தால் இந்த விளையாட்டு உங்களுடையது. 'இதுக்கு எதுக்கு இத்தனை நடை' என்று எரிச்சல் மட்டும் வந்தால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. கேக்குக்குச் சாமான் கொடுத்தால் சமையலில் 300 புள்ளி கிடைக்கும். அதைவிட நல்லது, கோட்டை அடுப்பில் சமைக்க அனுமதி கிடைக்கும். அதில் மீன் கருகுவது குறைவு.

அதை முடித்த கையோடு கோட்டைக்கு வடக்கே ஃப்ரெட் என்ற விவசாயியிடம் போங்கள். ஆட்டு ரோமத்தைக் கத்தரித்து நூலாக நூற்ற கம்பளி உருண்டை 20 கேட்பார். ராட்டை கோட்டை மாடியில் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்களுக்கு நடுவே வளர்ந்த உங்களுக்கு ஒவ்வொன்றாக நூற்பது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்தப் பட்டியில் கத்தரியைக் கொண்டுபோனதும் மிரண்டு ஓடும் ஓர் ஆடு உண்டு. நடையே வேறு மாதிரி இருக்கும். அது ஏன் ஓடுகிறது என்று நான் இப்போது சொல்லப்போவதில்லை. காரணம் வெகுதூரம் தள்ளி வேறொரு பயணத்தில் தெரியவரும்.

மேலே சொன்ன பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய உலகங்களுக்கு வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். நிலை ஏற்றிச் சாதிக்க வருகிறவர், மூலைமுடுக்கெல்லாம் தேடித் திரிய வருகிறவர், பேசிப் பழக வருகிறவர், மற்றவரோடு மோதிப் பார்க்க வருகிறவர். உங்கள் மாமா பையன் முதல் வகை என்று அவருடைய யோசனையைப் பார்த்தாலே தெரிகிறது. நீங்கள் எந்த வகை என்று இன்னும் தெரியவில்லை. அவருடைய வழியில் நடந்து பார்த்துவிட்டு விளையாட்டே சரியில்லை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அந்த ஓடுகிற ஆட்டின் பின்னாலேயே போனீர்கள் என்றால் நீங்கள் இரண்டாம் வகை.

சரி, மாட்டுத் தோலுக்கு வருகிறேன். நம்ம பக்கத்து ஆட்கள் எங்கே போனாலும் அங்கே என்ன விலை போகிறது என்று முதலில் பார்ப்பார்கள். அது நல்ல குணம்தான், இந்த விளையாட்டில் அது ரொம்பவும் கைகொடுக்கும். ஆற்றுக்குக் கிழக்கே பட்டியில் மாடுகள் நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 8 உயிர்ப்புள்ளி. அடித்துத் தோலைச் சேர்த்து, வாரக் நகரத்துச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் போட்டால் விற்கும். இலவசக் கணக்குக்கு அங்கே ஒரே நேரத்தில் மூன்று சரக்குப் போடலாம். புதுக் கணக்காக இருந்தால் சில பொருட்களை விற்பதற்குக் கொஞ்ச காலம் தடை இருக்கும், காசு விற்கும் கும்பலைத் தடுக்க வைத்தது. பட்டியில் உங்கள் பக்கத்தில் ஒரே மாதிரி உடையோடு, பெயர் என்ற பெயரில் எழுத்துக் குவியலோடு நிற்பவை பெரும்பாலும் தானியங்கி நிரல்கள். பேசினால் பதில் வராது. இங்கே மனிதர்கள் எல்லாம் முசுடு என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நான் சொல்வதைத் திருப்பூர்ப் பக்கத்து ஆள் எவரும் முதலில் நம்பமாட்டார். அந்தத் தோலை அல் காரிட் நகரத்து எல்லிஸிடம் கொண்டுபோனால் ஒரு காசு வாங்கிக்கொண்டு மெல்லிய தோலாகப் பதனிட்டுத் தருவார். ஊசியும் நூலும் வாங்கி அதைக் கையுறையாகத் தைக்கலாம். தைத்து சந்தையில் போட்டால், தைக்காத தோலைவிடக் கையுறைக்கு விலை குறைவு! நூல் விலைக்குக் கீழே பனியன் விற்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் அப்படி நடந்தால் ஒரே மாதத்தில் தறியும் தையல் மிஷினும் நின்றுபோகும். அங்கே வருடக்கணக்காக அப்படித்தான் நடக்கிறது, ஆனாலும் தைப்பவர்கள் குறையவே இல்லை.

காரணம் இதுதான். தோல் வாங்குகிறவருக்குக் கையுறை வேண்டாம். தைக்கும்போது ஏறும் கைவினை அனுபவம்தான் வேண்டும். அதற்காக நஷ்டப்பட்டுத் தைத்து, வந்த கையுறையைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். வில், கவசம், நகை என்று எத்தனையோ சரக்கில் இதே நிலைதான். விலையேறப்பெற்ற கவசங்களை 55-ஆம் நிலை மந்திரத்தில் வரும் ரசவாதத்தால் நேராகக் காசாக்கலாம் என்பதால் அவை மட்டும் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் நிற்கின்றன. இந்த உலகத்தில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவது வேலையைத்தான். மரம் வெட்டுவதை, தைப்பதை, உருக்குவதை வாங்குகிறார்கள். சம்பாதிப்பதும் அதற்காகவே.

நீங்கள் 'மெதுவு' என்று குறைப்பட்டுக்கொண்ட அந்த வேலையை அடைவதற்குத்தான் அங்கே மற்றவர்கள் பணம் சேர்க்கிறார்கள். முதல் வாரத்திலேயே தோலை மூட்டை கட்டிப் பணம் பண்ணினால், அந்தப் பணத்தில் எதை வாங்குவது என்றே உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் மாமா பையன் யோசனையைத் தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் சொன்னதில் பொய்யில்லை, மூன்றாவது வாரத்துக்கு நல்ல யோசனை. கொஞ்சம் தோலை விற்காமல் நீங்களே தைத்துப் பாருங்கள்.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். லம்பிரிட்ஜிலிருந்து வாரக் போகிற வழியில், நகரத்துக்குத் தெற்கே ஒரு கல்வட்டம் வரும். பெருந்துறைக்காரருக்குக் கல்வட்டம் என்றால் கொடுமணல் ஞாபகம் வரும். இங்கே அதற்குள் நிற்பவர்கள் கருப்பு மந்திரவாதிகள், கண்டதும் அடிப்பார்கள். ஒரு விதி உண்டு. மூர்க்கமான எதிராளியின் நிலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உங்கள் சண்டை நிலை இருந்தால் அவர் உங்களைச் சீண்டமாட்டார். அங்கே 7-ஆம் நிலை ஆட்களும் 20-ஆம் நிலை ஆட்களும் கலந்து இருக்கிறார்கள், ஆக நீங்கள் 40-ஐத் தாண்டும்வரை சுற்றிப் போவதே மேல். செத்தாலும் மோசமில்லை. மூன்று பொருள் உங்களிடமே இருக்கும், மீதி கல்லறையில் 15 நிமிடம் கிடக்கும், ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். வடக்கே பள்ளத்தைத் தாண்டினால் வரும் வைல்டர்னெஸில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே மற்ற விளையாட்டுக்காரர்களே உங்களை அடித்துப் பிடுங்குவார்கள். 'வா, உனக்கு ஒரு பொருள் காட்டுகிறேன்' என்று யாராவது வடக்கே கூப்பிட்டால் போகாதீர்கள்.

காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன், கவசத்துக்குத் தங்க ஓரம் வைத்துத் தருகிறேன் என்பவர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள், விதிவிலக்கே இல்லை. கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பும் பெட்டகத்துக்கு நாலு இலக்க ரகசிய எண்ணும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் கணக்கைத் தடை செய்யும் குற்றம். ஹாஸ்டலில் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி அண்ணனாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 99-ஆம் நிலைக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். ஏறக்குறைய ஏழு நிலைக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும். அதனால் 92-ஆம் நிலையில் 65,17,253 புள்ளியோடு நிற்கும்போதுதான் பாதி வழி வந்திருப்பீர்கள். சாதா மரத்தை மட்டுமே வெட்டி 99 தொடுவதானால் ஐந்து லட்சம் கட்டைக்கு மேல் ஆகும். 15-ல் ஓக், 30-ல் வில்லோ என்று மாறிக்கொண்டே போவதால் அவ்வளவு ஆகாது, ஆனாலும் மாதக்கணக்குதான். இந்த எண்களை இப்போதே தெரிந்துகொண்டால் செமஸ்டர் நேரத்தில் 'இன்னும் ஒரே ஒரு நிலை' என்று உட்காரமாட்டீர்கள். அந்த ஒரு நிலைக்கு முடிவே கிடையாது. லம்பிரிட்ஜ் கோட்டையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும் ஹான்ஸ் என்பவரிடம் கேட்டால், இதுவரை எத்தனை நாள், எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறீர்கள் என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரைக் கேளுங்கள். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசம் பார்த்தால் போதும்.

இந்த உலகத்தையே பல பிரதிகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு வேர்ல்டு என்று பெயர். மாமா பையனோடு சேர்ந்து விளையாடுவதானால் இருவரும் ஒரே எண்ணுள்ள வேர்ல்டில் நுழைய வேண்டும். ஒரு வேர்ல்டில் 2,000 பேர் வரை இருப்பார்கள். இலவசம் என்று குறித்ததைத் தேர்ந்தெடுங்கள், ஆளை ஆள் அடிக்கும் வகை வேர்ல்டுகள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அவற்றில் நுழையாதீர்கள். ஒட்டுக்கா நின்று மீன் பிடித்துக்கொண்டே பேசலாம், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் சரி. பேச்சுக்கே வருகிறவர்கள் இந்த விளையாட்டில் நிறையப் பேர்.

கடைசியாகப் பணம். இப்போது கட்ட வேண்டாம். இலவசக் கணக்கில் 15 திறமைகள், நிலப்பரப்பில் ஒரு பகுதி, கேக் வேலை, கம்பளி வேலை போல இருபதுக்கு மேற்பட்ட தேடல்கள் கால வரம்பில்லாமல் கிடைக்கின்றன. மாதங்கள் ஓடும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது. அதன் உச்சம் டிராகன் வேட்டை. தேடல்களில் 32 புள்ளி சேர்த்தால்தான் அதைத் தொடங்கவே விடுவார்கள். மூன்று துண்டாகப் பிரிந்து கிடக்கும் வரைபடத்தைச் சேர்க்க வேண்டும். போர்ட் சாரிம் துறைமுகத்தில் 2,000 காசுக்கு ஓட்டைக் கப்பல் ஒன்றை வாங்கிப் பலகை அடித்துச் சரி செய்ய வேண்டும், மாலுமி ஒருவரைப் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் கிராண்டோர் தீவில் 83-ஆம் நிலை டிராகன் எல்வார்க். நெருப்பைத் தடுக்கும் கேடயத்தை லம்பிரிட்ஜ் பிரபு கோட்டை மாடியில் கேட்டாலே கொடுப்பார். அது இல்லாமல் கப்பல் ஏறாதீர்கள். பையில் லாப்ஸ்டர் நிறைய இருக்கட்டும், ஒன்று தின்றால் 12 உயிர்ப்புள்ளி திரும்பும். அந்த 2,000 காசுக்கு மாட்டுத் தோல் தாராளமாக உதவும், மாமா பையனிடம் அப்போது யோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்வார்க்கை முடித்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டிப் பாருங்கள், மீதி நிலமும் மீதித் திறமைகளும் திறக்கும். விளையாட்டில் சேர்த்த காசிலேயே சந்தையில் பாண்டு என்ற சந்தாச் சீட்டை வாங்கி 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் புதிதாக வந்தவர் அந்தத் தொகையைச் சேர்க்கப் பல நாள் மாட்டுப் பட்டியிலேயே நிற்க வேண்டிவரும். அப்படி நிற்பதைவிட ஒரு மாதத்துக்குக் கைக்காசைக் கொடுப்பது மேல். வருடச் சந்தா மலிவு என்று காட்டுவார்கள், முதல் வருடத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.